மீதி

கணினி என்னிடம் சொல்வது ஒரே சொல்:
வரை.
ஜன்னல் விரிந்திருந்தாலும் வரை,
மடங்கித் திரையின் அடியில் கிடந்தாலும் வரை.
ஆகவே என் நிரலின் முதல் வரி ஒரு கேள்வி:
இப்போது நான் சுருங்கியிருக்கிறேனா?

ஆம் என்றால்
முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு புள்ளி.
அதற்குள் ஒரு கால்வாய்.

தொண்ணூற்று நான்கு, ஜனவரி.
ஹார்லிங்கனுக்குத் தெற்கே
கடலைவிடத் தாழ்ந்துபோன வயல்களின் தண்ணீரை
அணைக்கு அப்பால் தூக்கி ஊற்றும் பம்பு நிலையம்.
பெரிய ஜன்னலில் எல்லாம் வைத்திருந்தேன்:
நான்கு பம்பு, ஏழு மதகு, காற்றின் திசை,
யாரும் கேட்காத ஒரு வரைபடம்.
ஹெஸ்ஸல் வந்து கோட்டைக் கழற்றும் முன்பே
அதை மடக்கிவிடுவார்.
சீட்டு விரிக்க இடம் வேண்டாமா?
இரவுப் பணி பத்து மணி நேரம்.

முதலில் கோபம்.
பிறகு, மடங்கியதையே பேச வைத்தால் என்ன என்று தோன்றியது.
மற்ற நிரல்களெல்லாம் அடியில் வரிசையாக
பெயர்ப்பலகை மாட்டிப் பூட்டிய கடைகள்.
என்னுடையதில் மட்டும் விளக்கு எரியும்.
கீழே தண்ணீர், நீலம்.
மேலே வானம், சாம்பல்.
சட்டம், கறுப்பு.
பதினாறு நிறம் தந்திருந்தார்கள்,
அந்த ஊருக்கு மூன்றே தாராளம்.

சட்டத்துக்கு இரண்டு புள்ளி போக முப்பது.
கால்வாய் மூன்று மீட்டர்.
புள்ளிக்குப் பத்து சென்டிமீட்டர்.
வகுத்தேன், மீதியை எறிந்தேன்.
மீதியை யார்தான் வைத்துக்கொள்கிறார்கள்?

பிப்ரவரியில் ஓர் இரவு
மூன்றாம் பம்பின் கம்பிவலையில் நாணல் அடைத்தது.
தண்ணீர் ஏறியது, ஒன்பது சென்டிமீட்டர்.
என் படத்தில் ஒன்றும் ஏறவில்லை.

ஹெஸ்ஸல் தூங்கவில்லை.
ஸ்பேட் ராணிக்கு இடம் தேடிக்கொண்டே
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்திருக்கிறார்.
நீலம் நின்ற இடத்திலேயே நின்றது,
சாட்சிக் கூண்டில் ஏறி
உண்மையை முழுசாகச் சொல்லாத ஆள்போல.

காலையில் நீன்கெயின் கொட்டகையில்
விதைக்கிழங்கு மூட்டைகளின் அடி வரிசை ஊறிப்போயிருந்தது.
கிழங்குக்கு ஒன்பது போதும்.
பத்து வரட்டும் என்று அது காத்திருக்காது.

நீன்கெ நீர்வாரியத்துக்குக் கடிதம் எழுதினார்.
அதில் ஹெஸ்ஸலின் பெயர் இருந்தது,
இரண்டு இடத்தில், அடிக்கோட்டோடு.
என் பெயர் இல்லை.
எப்படி இருக்கும்?
மடங்கிய ஜன்னலின் கீழே
நிரலின் பெயர்தான் எழுதியிருக்கிறது.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன்.
அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள் ஹெஸ்ஸல் அலுவலகத்துக்கு வந்து
திரையின்மேல் கட்டைவிரலை வைத்தார்.
கால்வாய் முழுதும் விரலுக்கடியில் மறைந்தது.
"அந்த ஒன்பது எங்கே இருந்தது?" என்றார்.
கத்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஒரு புள்ளிக்குள் இருந்தது என்றேன்.
அவர் விரலை எடுத்து
அவ்வளவு சின்னதற்குள்ளா என்பதுபோல் குனிந்து பார்த்தார்.

அன்று மாலை நானும் வாரியத்துக்கு எழுதினேன்.
கடிதம் என்று சொல்ல முடியாது,
ஒரு வகுத்தல் கணக்கு, கீழே கையெழுத்து.

இப்போது மேல் வரிசை ஒரேயடியாக நிரம்புவதில்லை.
இடமிருந்து வலமாக, புள்ளி புள்ளியாக,
சென்டிமீட்டருக்கு மூன்று.
எறிந்த மீதியெல்லாம்
அங்கே நடந்து போகிறது.

ஹெஸ்ஸல் இன்னமும் சீட்டுதான் ஆடுகிறார்.
"நாலு" என்பார், தலையைத் திருப்பாமல்.
சற்றுப் பொறுத்து, "நாலரை."
எழுந்து போய் கம்பிவலையைப் பார்ப்பார்.

ஒரு பிழை மட்டும் அப்படியே இருக்கிறது.
படத்தைப் பிடித்து வேறு மூலைக்கு இழுத்தால்
போய்ச் சேரும்வரை கால்வாய் வெறும் கட்டமாகிவிடும்,
தண்ணீரே இல்லாமல்.
விட்டதும் திரும்பி வரும்.
சரிசெய்யட்டுமா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றார் ஹெஸ்ஸல்.
சில இரவுகளில் அதை மெதுவாக இழுக்கிறாராம்,
இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை.